மோட்டார் இல்லாமல் நட்சத்திரத்தைத் துரத்துவது எப்படி?

"நூறு வருடத்துக்கு முந்தைய டெலஸ்கோப்பில் மோட்டார் கிடையாதே, நகரும் வானத்தை அது எப்படிப் பின்தொடரும்?" என்று வாசகர் ஒருவர் கேட்கிறார்.

அதை நேரில் பார்க்க நல்ல இடம், அமெரிக்காவின் இத்தாக்கா நகரில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஃபூர்ட்டஸ் வானோக்ககம். கட்டடம் 1917இல் எழுந்தது. 12 அங்குல லென்ஸ் டெலஸ்கோப் 1922இல் வந்தது. மேகமில்லாத வெள்ளிக்கிழமை இரவுகளில் மாணவர் சங்கம் எல்லோருக்கும் கதவைத் திறக்கிறது.

பூமி சுற்றுவதுதான் வானம் நகரக் காரணம் என்பது தெரிந்ததே. ஓர் அச்சைத் துருவ நட்சத்திரம் இருக்கும் பக்கம் சாய்த்து (இத்தாக்காவில் 42 பாகை, சென்னையானால் 13), குழாயை அதைச் சுற்றி 23 மணி 56 நிமிடம் 4 நொடிக்கு ஒரு சுற்று வீதம் மேற்கே திருப்பினால் போதும். திருப்பாவிட்டால்? 180 மடங்கு பெரிதாக்கும்போது கண்ணில் படுவது கால் பாகை வானம். வியாழன் ஒரே நிமிடத்தில் அதைக் கடந்து போய்விடும். வரிசையில் அடுத்தவர் குனிவதற்குள் வெறும் இருட்டு.

இழுவிசைக்குக் கம்பியில் தொங்கும் ஓர் எடை; அது இறங்க, பல்சக்கரங்கள் சுழலும். ஆனால் விழும் எடை வேகமெடுக்குமே! ஊசல் வைத்து அடக்கலாமா? ஊசல் விட்டுவிட்டுத்தான் நகர்த்தும். நொடிக்கு ஒரு 'டிக்' என்றால் ஒவ்வொரு முறையும் 15 விகலைத் துள்ளல் (விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு). 180 மடங்கில் அது முழுநிலவின் அகலத்தையே மிஞ்சும். நட்சத்திரம் தவளையாகிவிடும்.

இங்கேதான் கவர்னர் வருகிறது. ஆயில் இன்ஜினில் பார்த்திருப்பீர்கள்: சுழலும் தண்டில் இரண்டு குண்டுகள், வேகம் கூடினால் அகல விரியும். இன்ஜினில் அது எரிபொருளைக் குறைக்கும். இங்கே குறைக்க எரிபொருள் ஏது? விரியும் குண்டுகள் ஓர் உராய்வுப் பட்டையை அழுத்துகின்றன. மிச்ச ஆற்றல் சூடாகிப் போகிறது. வேகம் குறைந்தால் பிடி தளரும், மறுபடி கூடும். இந்த இழுபறி ஒரு வேகத்தில் வந்து நிற்கும். வேண்டுமென்றே ஆற்றலை வீணடித்துத் துல்லியம் வாங்கும் இந்தக் கஞ்சத்தனமில்லாத யோசனைக்கு எத்தனை முறை கைதட்டினாலும் தகும்.

கோளாறுகள் எளிதில் அகப்படும். நட்சத்திரம் மேற்கே நழுவினால் பொறி மெதுவாக ஓடுகிறது: குளிரில் எண்ணெய் கெட்டித்திருக்கும், அல்லது கனமான கேமரா மாட்டிவிட்டு எதிர் எடையை நகர்த்த மறந்திருப்பார்கள். கிழக்கே பின்தங்கினால் வேகம் அதிகம். உராய்வுப் பட்டையில் எண்ணெய் சிந்தியிருக்கிறதா பாருங்கள், துணியால் துடைத்தால் தீரும். நிலவுக்கு மட்டும் வேகத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும். அது நட்சத்திரங்களுக்கிடையே மணிக்குத் தன் அகலம் அளவு கிழக்கே போகிறது.

எண்ணெயும் துணியும் மலிவு, ஆள்தான் அரிது. 1888இல் பாவ்நகர் மகாராஜாவின் கொடையால் புனே அறிவியல் கல்லூரியில் 20 அங்குல டெலஸ்கோப்போடு ஒரு வானோக்ககம் எழுந்தது. அதை நடத்தியவர் பேராசிரியர் நாய்காம்வாலா. 1912இல் அவர் ஓய்வு பெற்றார், வானோக்ககமும் மூடப்பட்டது. ஒரு மனிதரை நம்பி ஒரு நிறுவனம்! டெலஸ்கோப் கொடைக்கானலுக்கு மலையேறியது. இன்றும் பாவ்நகர் டெலஸ்கோப் என்றே அதற்குப் பெயர்.