மரபுவழி நோய்ச்சாய்வு: ‘பரம்பரைக் காரணி’ ஏன் பிழை?

குருதிப் புற்றுநோய் பற்றி மட்டக்களப்பில் கைக்கு வருகிற துண்டுப்பிரசுரம், வட்சப் செய்தி எதைப் பிரித்தாலும் ‘பரம்பரைக் காரணி’ என்ற சொல் வந்து குந்தியிருக்கிறது. மரபணுவில் மாற்றம் என்றாலும் பரம்பரை, பெற்றோர் வழியாக வந்தது என்றாலும் பரம்பரை. இரண்டும் ஒன்றல்ல என்று எழுதியவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அக்கறையில்லை. பெற்றோர் வழியாக வருவதை ‘மரபுவழி நோய்ச்சாய்வு’ என்று எழுதவேண்டும் என்பது என் கட்சி.

பரம்பரை வடசொல். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்வது என்பது பொருள். ‘ஜீன்’ என்ற சொல்லை 1909இல் டென்மார்க்கைச் சேர்ந்த தாவரவியலாளர் யொகான்சன் உண்டாக்கினார். பிறப்பைக் குறிக்கும் கிரேக்க வேர் அதில் இருக்கிறது. தமிழகத்தில் அது மரபணு ஆனது, நம்முடைய பாடநூலில் பரம்பரையலகு ஆனது.

வில்லங்கம் தொடங்கியது அங்கேதான். அலகின் பெயரிலேயே பரம்பரையை ஒட்டிவிட்டால், அந்த அலகில் எது பழுதானாலும் பழி பாட்டன் பாட்டி தலையில்தான் விழும். நாட்பட்ட மைலொயிட் வகைக் குருதிப் புற்றை எடுங்கள். அதற்குரிய பிலடெல்பியா நிறமூர்த்தத்தை, அதாவது மாறிப்போன ஒரு குரோமோசோமை, 1960இல் கண்டார்கள். 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம்மாறியதால் உண்டானது அது என்று 1973இல் அமெரிக்க மரபியலாளர் ஜேனட் ரௌலி காட்டினார். முழுக்க முழுக்க மரபணு விகாரம், மரபணுவில் நேர்ந்த மாற்றம். ஆனால் குருதி உண்டாகும் என்பு மச்சையில் (எலும்பு மஜ்ஜை) உள்ள ஒரு கலத்தில், பிறந்து வளர்ந்த பிறகு நேர்வது. தகப்பன் கொடுத்ததுமில்லை, பிள்ளைக்குப் போவதுமில்லை. இதைப் போய்ப் ‘பரம்பரைக் காரணி’ என்று அச்சடித்தால்?

நம்மட ஊரில் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். “எங்கட குடியில ஆருக்கும் இல்லாத வருத்தம் இவனுக்கு எங்கால வந்தது?” என்று தாய் பக்கம் கேட்கும். தகப்பன் பக்கம் வாயை மூடிக்கொண்டிருக்குமா? தங்கச்சிக்குக் கலியாணம் பேசுகிற இடத்திலும் அது எழும்பும். இன்னொன்று, இங்கே குடி, அதாவது குலம், தாயோடு வருவது, தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அப்படித்தான். மரபணு குடி பார்த்து வருவதில்லை. பாதி தாயிடமிருந்து, பாதி தகப்பனிடமிருந்து. பரம்பரை என்றதும் ஆட்கள் குடியைத்தான் நினைக்கிறார்கள், தகப்பன்வழி விசாரணையே விட்டுப்போகிறது.

‘பிறவிக் காரணி’ என்று திருத்துகிறவர்களும் உண்டு. அதுவும் சரிவராது. சிறுபிள்ளைகளுக்கு வரும் ஒருவகைக் குருதிப் புற்றில் முதல் விகாரம் பெரும்பாலும் கருவிலேயே நேர்ந்துவிடுகிறது. பிள்ளை அதோடுதான் பிறக்கிறது, ஆனால் பெற்றோரிடம் அது இல்லை. மரபணு சார்ந்ததைக் குறிக்கப் பாடநூல் வைத்திருக்கிற ‘பிறப்புரிமை’ என்ற சொல்லைப் பற்றி என்ன சொல்ல! காணிக்கும் வாக்குக்கும் கேட்கிற உரிமையைப் புற்றுநோய்க்கும் எழுதிவைத்திருக்கிறோம்.

உண்மையிலேயே பெற்றோர் வழி வருபவையும் இருக்கின்றன. ரன்எக்ஸ் 1, காட்டா 2, டி.டி.எக்ஸ். 41 ஆகிய மரபணுக்களில் உள்ள சில விகாரங்கள் அப்படி. இவ்வகை விகாரங்களோடு வரும் புற்றுகளை உலக சுகாதார தாபனம் 2016ஆம் ஆண்டு வகைப்பாட்டில் தனியாகவே பிரித்தது. சுமப்பவர் எல்லாருக்கும் நோய் வருவதில்லை, டி.டி.எக்ஸ். 41 உடையவர்களுக்கு வந்தாலும் பெரும்பாலும் வயது போன பிறகுதான். ஆகவே ‘காரணி’யும் பிழை. காரணி என்றால் வாசிப்பவர் காரணம் என்றுதான் எடுப்பார். இங்கே சொல்லவருவது, நோய் வரும் பக்கம் உடம்பு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்பது. சாய்வு என்ற சொல் நம்மிடம் சும்மா கிடக்கிறது: மரபுவழி நோய்ச்சாய்வு. பிறந்தபின் வந்ததை ‘ஈட்டிய விகாரம்’ என்று எழுதுகிறார்கள், என்னவோ சம்பாதித்த சொத்து மாதிரி. ‘பின்வந்த விகாரம்’ போதும். மரபணுவில் அணு எதற்கு என்று தனித்தமிழ்க்காரர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், பரம்பரையலகைவிட அது நூறு பங்கு மேல்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள கோபம் இதுதான்: அகராதியில் முதலாவதாகக் கிடக்கிற சொல்லை எடுத்து வைத்துவிட்டு எழும்பிவிடுகிறார்கள். அதை விளங்கப்படுத்தும் வேலை வார்டில் நிற்கிற தாதிமார் தலையில் விழுகிறது. மச்சை மாற்றுச் சிகிச்சைக்கு அண்ணனோ தம்பியோ கொடுக்க வரும்போது, நோயாளிக்கு இருப்பது மரபுவழிச் சாய்வு என்றால் கொடுப்பவரையும் அதற்குச் சோதிக்க வேண்டும், அதே விகாரம் அவரிடமும் இருக்கலாம். பின்வந்த விகாரம் என்றால் அந்தச் சோதனை தேவையில்லை. இரண்டுக்கும் ‘பரம்பரை’ என்று எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தம்பி எதை விளங்கிக்கொள்வான்?