கலங்கல் வருவது எந்த வரம்பிலிருந்து?

காரைதீவில் இருக்கும் என் மாமா நெடுங்காலம் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையாக இருந்தவர். சம்மாந்துறைப் பக்கத்து வயல் வட்டையில் யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர் என்ற கணக்கெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்தக் கணக்கு மெல்ல மெல்லப் பிசகத் தொடங்கியது. பெயர்களை அவர் மறக்கவில்லை. பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளைக்கூடச் சரியாகச் சொன்னார். ஆனால் எந்த வேலையை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில் தடுமாறினார். வரம்பில் விறுவிறுவென்று நடந்த கால்கள் நிலத்தை உரசிக்கொண்டு சின்னச் சின்ன அடியாக நகர்ந்தன. வயதுதானே என்று வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டோம். மட்டக்களப்பில் ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரிந்தது, மூளையின் நுண் இரத்தக்குழாய்களில் வருத்தம் என்று.

இதை விளங்கிக்கொள்ள மாமாவின் வட்டையே போதும். இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து இறங்கும் தண்ணீர் பெரிய வாய்க்கால், கிளை வாய்க்கால் எனப் பிரிந்து பிரிந்து வருகிறது. கடைசி வயலுக்கு வந்து சேர்வது ஒரேயொரு சின்ன வாய்க்கால்தான். அது தூர்ந்தால் வேறு வழியில்லை, பயிர் கருகும். மூளையிலும் மேற்பரப்பிலிருந்தும் அடியிலிருந்தும் உள்ளே இறங்கும் மெல்லிய நாடிகள் இருக்கின்றன. விட்டம் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. அவை போய் முடியும் ஆழத்தில் இருப்பது வெண்பொருள். மூளையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் நரம்பிழைகள் கட்டுக்கட்டாக ஓடும் இடம் அது. அங்கே பக்கத்து நாடியிலிருந்து குருதி வந்து ஈடுசெய்ய வழி மிகக் குறைவு.

உயர் இரத்த அழுத்தமும் சீனி வருத்தமும் புகைத்தலும் ஆண்டுக்கணக்கில் அந்த நாடிகளைத் தாக்குகின்றன. சுவர் தடித்து இறுகுகிறது. தேவைக்கேற்ப விரிந்து சுருங்க வேண்டிய தசைக்கலங்கள் செத்துப்போகின்றன. உட்படலம் கசியத் தொடங்க, குருதிக்குள் இருக்கவேண்டிய புரதங்கள் மூளைத் திசுவுக்குள் ஊறி அழற்சியை உண்டாக்குகின்றன. சில நாடிகள் முற்றாக அடைபட்டு, பிறகு அந்த இடத்தில் 3 முதல் 15 மில்லிமீற்றர் அகலமான குழிகள் எஞ்சுகின்றன. திட்டமிடவும் நடக்கவும் மூளையின் பல பகுதிகள் ஒன்றோடொன்று பேசவேண்டும். அந்தப் பேச்சு போகும் பாதைதான் இங்கே அறுபடுகிறது. அதனால்தான் மாமாவுக்கு ஞாபகத்துக்கு முன்பே நடையும் ஒழுங்கும் குழம்பின.

ஸ்கேன் காட்டுவது பெரும்பாலும் நடந்து முடிந்த சேதத்தை. சேதம் இப்போதும் நடந்துகொண்டிருக்கிறதா என்று கேட்டால், ஒரேயொரு படத்தை வைத்துச் சொல்வது கடினம். ஆய்வாளர்கள் குருதியைத் தேடிப் போவது இதற்காகத்தான்.

நரம்பிழைக்குள் அதைத் தாங்கி நிற்கும் புரதச் சட்டம் ஒன்று உண்டு. அதன் ஒரு கூறு நியூரோபிலமன்ட் லைட், சுருக்கமாக என்.எவ்.எல். இழை சிதைந்தால் அது வெளியே கசிந்து மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்த பாய்மத்தில் கலக்கிறது. அங்கிருந்து மிகச் சிறிதளவு குருதிக்கும் வருகிறது. குருதியில் இருப்பது அந்தப் பாய்மத்தில் இருப்பதைவிடப் பத்து மடங்குகளில் குறைவு. ஒரு மில்லிலீற்றரில் 10, 20 பிக்கோகிராம் என்ற அளவு. ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு!

இவ்வளவு சிறிய அளவை எப்படி அளக்கிறார்கள்? எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். அமெரிக்க இரசாயனவியலாளர் டேவிட் வோல்ட்டின் ஆய்வுகூடம் 2010இல் வெளியிட்ட முறை அது. நுண்ணிய காந்த மணிகளின்மேல், தேடும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகளைப் பூசுகிறார்கள். புரதம் ஒட்டிக்கொண்ட மணியில் ஒளிரவைக்கும் நொதியம் ஒன்றும் ஒட்டிக்கொள்ளும். பிறகு மணிகளை 2 இலட்சத்துக்கும் அதிகமான நுண்குழிகள் கொண்ட தட்டில் கொட்டுகிறார்கள், குழிக்கு ஒரு மணிதான் இறங்கும். ஒளிரும் குழிகளை எண்ணினால் போதும். மொத்தக் கரைசலின் மங்கலான ஒளியை அளந்த காலம் போய், மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணும் காலம் வந்துவிட்டது. முன்பு முதுகில் ஊசி குத்தி எடுக்கவேண்டியிருந்த தகவல் இப்போது கையில் எடுக்கும் குருதியிலேயே கிடைக்கிறது.

சின்ன நாடி ஒன்று புதிதாக அடைபட்டால் என்.எவ்.எல். உயர்ந்து, சில மாதங்கள் அப்படியே நின்று, பிறகு இறங்குகிறது. பரம்பரையாக வரும் நுண்குழாய் நோயான கடசிலிலும், மூளையில் சேதம் கூடக்கூட இதன் அளவு கூடுவதைக் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வடிச்சல் வாய்க்காலில் கலங்கல் தண்ணீர் வந்தால், மேலே எங்கோ வரம்பு உடைந்திருக்கிறது என்று மாமா சொல்லிவிடுவார். எந்த வரம்பு என்பதைத் தண்ணீர் சொல்லாது. என்.எவ்.எல்.லும் அப்படித்தான். அல்சைமர் நோய், பாரிசவாதம், தலையில் அடி, சீனி வருத்தத்தால் கால் நரம்புகள் கெடுவது, எல்லாவற்றிலும் அது உயரும். வயதோடும் உயரும். சிறுநீரகம் பலவீனமானாலும் உயரும். சிறுநீரக வருத்தத்தோடு வாழும் விவசாயிகள் உள்ள அம்பாறை மாவட்டத்தில் இதை ஒருபோதும் மறக்கக்கூடாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாற்றினின் அளவைப் பார்க்காமல் இந்த எண்ணை மட்டும் படித்தால் ஏமாந்துபோவோம்.

அதனால் இப்போது பல பொருள்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஜி.எவ்.ஏ.பி. என்ற புரதம் நரம்புக்கலங்களுக்குத் துணைநிற்கும் விண்மீன் வடிவக் கலங்களிலிருந்து வருகிறது. நஞ்சுக்கொடியில் முதலில் கண்டதால் அதன் பெயராலேயே அழைக்கப்படும் வளர்ச்சிக் காரணி ஒன்று, குருதிக்குழாய்களின் நிலையோடு தொடர்புடையது. 2016இல் அமெரிக்காவில் தொடங்கிய மார்க்விசிட் என்ற கூட்டாய்வு அதைத் தீவிரமாகச் சோதித்துவருகிறது. அல்சைமரைக் காட்டிக்கொடுக்கும் பி-டவ் 217 என்ற புரதம் உயராமல் மற்றவை உயர்ந்தால், சந்தேகம் குழாய்களின் பக்கம் திரும்பும். கலங்கலின் நிறத்தை வைத்து எந்த மண் என்று கண்டுபிடிப்பதுபோல. இருந்தாலும் ஒருவருக்கு நுண்குழாய் நோய் என்று தனியாக நின்று முடிவுசொல்லும் குருதிப் பரிசோதனை இன்னும் வரவில்லை.

மருந்து ஆய்வுகளுக்கு இந்தக் குருதி அளவீடு மிகவும் உதவும் என்று நினைக்கிறேன். 2019இல் வெளிவந்த ஸ்பிரின்ட் மைண்ட் ஆய்வில், இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 120க்குக் கீழே இறக்க முயன்றவர்களுக்கு வெண்பொருள் சேதம் ஏறத்தாழ 4 ஆண்டுகளில் 0.92 கன சென்ரிமீற்றர் கூடியது; 140க்குக் கீழே என்று வைத்தவர்களுக்கு 1.45. இந்த வேறுபாட்டைப் படங்களில் காண அத்தனை ஆண்டுகள் காத்திருக்கவேண்டியிருந்தது. குருதியே முன்கூட்டிச் சொன்னால் அந்தக் காத்திருப்பு குறையும்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது மாமா இடைமறித்தார். “அப்ப எண்ட ரத்தத்திலயும் அது இருக்குமா, மகன்?”

“எல்லாருக்கும் இருக்கும் மாமா. என்னிலயும் இருக்கு. உங்களுக்குக் கொஞ்சம் கூட இருக்கும்.”

கொஞ்ச நேரம் யோசித்தவர், தலையணைக்குக் கீழே இருந்த கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டினார். “போன மாசம் பிரஷர் எவ்வளவு எண்டு பாருங்க.”

148 என்று எழுதியிருந்தது.