சுவருக்குள் தண்ணீர் எடுக்கும் பாதை

வீடு பார்க்கப் போகிறவர் கூடத்தின் நீளத்தையும் ஜன்னலில் வரும் வெளிச்சத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கூட வந்த கட்டடப் பொறியாளர் சன்ஷேடின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் குளியலறைக்குப் பின்னால் இருக்கும் சுவரைத் தடவிப் பார்ப்பார். மாடிக்குப் போய் மழைநீர்க் குழாயின் வாய் அருகே குனிவார். மூன்று இடத்திலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே போய் நிற்கிறது?

வீட்டைப் பரிசோதிப்பதில் பாதி வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். சுவர் உப்புப் பூப்பது, பூச்சு உதிர்வது, பூஞ்சை பிடிப்பது, சீலிங்கில் கம்பி தெரிவது, ஸ்விட்சைத் தொட்டால் ஷாக் அடிப்பது ஆகிய எல்லாமே தனித்தனிக் கோளாறுகள் போலத் தெரியும். பெரும்பாலும் இவற்றின் பின்னால் இருப்பது ஒரே ஈரம்தான். அந்த ஈரம் என்ன செய்கிறது என்று புரிந்துவிட்டால், வீட்டைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

சுவருக்குள் தண்ணீர் நான்கு வழிகளில் வரலாம்: மேலிருந்து மழையாக, குழாயிலிருந்து கசிவாக, தரையிலிருந்து ஓதமாக, காற்றிலிருந்து ஆவியாக. இதில் பலரையும் குழப்புவது தரையிலிருந்து ஏறுவது. தண்ணீர் கீழ்நோக்கித்தானே ஓடும், சுவரில் எப்படி ஏறுகிறது?

செங்கல், சாந்து, காங்கிரீட் எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஒன்றோடொன்று இணைந்து கிடக்கின்றன. துளையின் சுவர் தண்ணீரைத் தன்பக்கம் இழுக்கிறது, நீரின் பரப்பு இழுவிசை பின்னாலிருக்கும் நீரையும் சேர்த்து மேலே தூக்குகிறது. துளை குறுகக் குறுக நீர் ஏறும் உயரம் கூடும் என்பதை ஜேம்ஸ் ஜூரின் என்ற ஆங்கிலேயர் 1718இல் விளக்கினார். கணக்குப் போட்டால் 0.1 மி.மீ. ஆரமுள்ள துளையில் நீர் சுமார் 15 செ.மீ. ஏறும். 0.01 மி.மீ. துளையில் ஒன்றரை மீட்டர். அதையும் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் 15 மீட்டர், அதாவது நான்கைந்து மாடி உயரம்.

ஆனால் எந்த வீட்டிலும் ஓதம் நான்காவது மாடிக்குப் போவதில்லை. பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது. காரணம், ஏறும் வழியெல்லாம் சுவரின் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. கீழே உறிஞ்சப்படும் நீரும் மேலே ஆவியாகும் நீரும் எந்த உயரத்தில் சமமாகின்றனவோ அங்கே ஓதத்தின் கோடு விழும்.

இந்த ஒரு விஷயம் தெரியாததால்தான் வீட்டுக்காரர்கள் வருடக்கணக்கில் பணத்தைக் கொட்டுகிறார்கள். ஈரம் தெரிகிறதென்று சுவரின் அடிப்பகுதியில் நீர் புகாத பெயின்ட் அடிப்பார்கள், அல்லது டைல்ஸ் ஒட்டுவார்கள். ஆவியாகும் வழி அடைபட்டதும் தண்ணீர் வேறு வழி தேடும்: டைல்ஸ் முடியும் இடத்துக்கு மேலே ஏறி, முன்பு உலர்வாக இருந்த இடத்தில் புதிய கோடு போடும். சரியான தடுப்பு சுவரின் மேற்பரப்பில் இல்லை, அடித்தளத்துக்கு மேலே குறுக்காகப் போட வேண்டிய நீர்த்தடுப்பு அடுக்கில் இருக்கிறது. கட்டும்போது அதை விட்டுவிட்டால் பிறகு சரிசெய்வது சிரமம். சில வீடுகளில் அடுக்கு சரியாகவே இருக்கும். வெளியே மண்ணைக் கொட்டி நடைபாதையை உயர்த்தியதில் அந்த அடுக்கு மண்ணுக்குள் புதைந்துபோயிருக்கும். மண்ணைத் தோண்டி அகற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஏறும் தண்ணீர் தனியாக வருவதில்லை, மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். அது சுவரின் வெளிப்பரப்பில் பூத்தால் துடைத்துவிடலாம். பூச்சுக்கு உள்ளேயே படிகமானால்தான் தொல்லை. சோடியம் சல்பேட் உப்பு தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு படிகமாகும்போது ஏறக்குறைய நான்கு மடங்கு இடம் கேட்கிறது. நுண்துளைக்குள் அந்த இடம் இல்லை. அதனால் பூச்சைத் தள்ளுகிறது. சுவர் பொடிப்பொடியாக உதிர்வது இதனால்தான். காய்வதும் நனைவதும் மாறி மாறி நடக்கும் சுவர், எப்போதும் ஈரமாக இருக்கும் சுவரைவிட வேகமாகக் கெடும்.

காற்றிலிருந்து வரும் ஈரத்தின் கதை வேறு. 25 டிகிரி வெப்பத்தில் 60 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்று, சுமார் 17 டிகிரிக்குக் கீழே இருக்கும் பரப்பில் பட்டால் நீராகப் படியும். ஏசி ஓடும் அறையின் மறுபக்கச் சுவர், குளிர்நீர்க் குழாய், அலமாரிக்குப் பின்னால் காற்றோட்டமே இல்லாத மூலை போன்றவை அதற்கு ஏற்ற இடங்கள். பூஞ்சைக்குச் சுவரில் தண்ணீர் வழிய வேண்டிய தேவையே இல்லை. பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிப் பல நாள் நின்றாலே அது வளரத் தொடங்கிவிடும்.

சரி, கறை கசிவால் வந்ததா, காற்றால் வந்ததா? எளிய சோதனை ஒன்று உண்டு. சந்தேகமான இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் ஈரமானால் அது அறைக் காற்றின் வேலை. சுவரை ஒட்டிய உள்பக்கம் ஈரமானால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இரண்டு ஊசிகளைக் குத்திப் பார்க்கும் ஈரமானியைவிட இதை நம்பலாம் என்று சொல்வேன். அந்தக் கருவி அளப்பது மின்தடையைத்தான். உப்பு ஏறிய சுவரிலும் மின்தடை குறையும் என்பதால் கொஞ்ச ஈரத்தையே அது பெரிதாகக் காட்டக்கூடும். வெப்பக் கேமராவும் தண்ணீரைப் பார்ப்பதில்லை. ஆவியாவதால் குளிர்ந்த பரப்பைக் காட்டுகிறது, அவ்வளவுதான். குளிர்ச்சிக்கு வேறு காரணம் உண்டா என்று மனிதர்தான் யோசிக்க வேண்டும்.

இனி காங்கிரீட்டுக்கு வருவோம். உயிருக்கே ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

ஜோசப் மோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர் கம்பி வைத்த சிமென்ட் தொட்டிகளுக்கு 1867இல் காப்புரிமை வாங்கினார். அழுத்தத்தைத் தாங்குவதில் காங்கிரீட் வலுவானது. ஆனால் இழுத்தால் அந்த வலுவில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் தாங்கும். இழுவையைக் கம்பி பார்த்துக்கொள்கிறது. இரண்டும் வெயிலில் ஏறக்குறைய ஒரே அளவு விரிவதால் பிரியாமல் இருக்கின்றன. இதைவிட முக்கியமான பொருத்தம் ஒன்று உண்டு. சிமென்ட் இறுகும்போது உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடு முதலான காரப்பொருள்களால், காங்கிரீட்டின் துளைகளில் உள்ள நீரின் பிஹெச் அளவு 12.5க்கு மேல் இருக்கும். அவ்வளவு காரத்தில் இரும்பின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலம் உருவாகிக் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. ஈரம் பட்டாலும் அந்தப் படலம் இருக்கும்வரை கவலையில்லை.

படலத்தைக் கெடுப்பது நாம் விடும் மூச்சிலும் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு. அது துளைகள் வழியாக மெல்ல உள்ளே நுழைந்து கால்சியம் ஹைட்ராக்சைடைச் சுண்ணாம்புக்கல்லாக மாற்றுகிறது. பிஹெச் 9 அளவுக்கு இறங்குகிறது. இந்த மாற்றம் காங்கிரீட்டின் மேற்பரப்பில் தொடங்கி உள்நோக்கி நகரும். அது கம்பியைத் தொட்ட நாளில் பாதுகாப்பு முடிந்தது.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, எல்லா வீட்டுக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது. இந்த மாற்றம் உள்ளே நகரும் ஆழம், தோராயமாகக் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 20 மி.மீ. ஆழத்தை எட்ட 40 ஆண்டு ஆகும் காங்கிரீட்டை எடுத்துக்கொள்வோம். கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் என்ற சிமென்ட் கட்டையைக் கீழே வைக்காமல் அவசரத்தில் கொட்டியதால், கம்பியை மூடும் காங்கிரீட்டின் தடிமன் 20 மி.மீ.க்குப் பதில் 10 மி.மீ. ஆகிவிட்டால் என்ன ஆகும்? 20 ஆண்டு என்று தோன்றும். உண்மையில் 10 ஆண்டுதான். பாதி தடிமன் போனால் காலத்தில் முக்கால் பங்கு போகிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிமென்ட் கட்டையை வைப்பதா வேண்டாமா என்பதில் ஒரு கூரையின் ஆயுள் தொங்கிக்கொண்டிருக்கிறது.

படலம் போன பிறகும் துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் இரண்டும் வேண்டும். உலர்ந்த அறையின் சீலிங் அதனால் தப்பித்துக்கொள்ளும். நனைந்து காயும் இடங்கள் தப்பாது: குளியலறைக்குக் கீழ் உள்ள சீலிங், பால்கனியின் அடிப்பக்கம், சன்ஷேட், தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருக்கும் தளம். துரு, தான் உருவான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். இழுவையைத் தாங்காத காங்கிரீட் அந்தத் தள்ளலில் பிளக்கிறது. பிளவு வழியாக இன்னும் தண்ணீர், இன்னும் ஆக்சிஜன். முதலில் பழுப்புக் கறை, அப்புறம் கம்பி போகும் திசையிலேயே நேர்க்கோடாக ஒரு விரிசல், கடைசியில் காங்கிரீட் பாளமாகப் பெயர்ந்து விழும். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மெல்லிய கீறல்களைவிட, அளந்து போட்டதுபோல் நேராக ஓடும் ஒற்றை விரிசலுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

விழுவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். ஒரு சிறு சுத்தியலால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். உள்ளே பிரிந்த இடத்தில் பொக்காக ஒலிக்கும். வெறும் பூச்சு பிரிந்திருந்தாலும் அதே சத்தம்தான் வரும் என்பதால் அங்கே உடைத்துப் பார்க்க வேண்டும். புதிதாக உடைத்த பரப்பில் பொறியாளர் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார். காரம் மிச்சமிருக்கும் பகுதி அடர் இளஞ்சிவப்பாக மாறும், காரம் போன பகுதி நிறம் மாறாது. நிறமில்லாத ஓரம் கம்பிவரை வந்துவிட்டதா என்று அளவுகோல் வைத்தே பார்த்துவிடலாம். சீலிங்கில் வெள்ளையாகக் குச்சிபோலத் தொங்கும் படிவும் ஒரு சேதிதான்: தளத்தின் வழியாகத் தண்ணீர் கடந்து, காங்கிரீட்டின் சுண்ணாம்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்திருக்கிறது.

கடற்காற்றோ, கழுவாத கடல் மணலோ சம்பந்தப்பட்டால் இந்தக் காலக்கணக்கெல்லாம் பொருந்தாது. உப்பிலுள்ள குளோரைடு, காரம் அப்படியே இருந்தாலும் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் பெயர்ந்த இடத்தை மட்டும் கொத்திப் புதுக் கலவை பூசினால், சில ஆண்டுகளில் அந்த ஒட்டுக்குப் பக்கத்திலேயே துரு கிளம்பும். முன்பு துருப்பிடித்துக்கொண்டிருந்த பகுதி, மின்வேதியியல் முறையில் பக்கத்துக் கம்பியைக் காத்து வந்தது. அதை நிறுத்தியதும் அந்தக் காவலும் போய்விடுகிறது. எனவே "பேட்ச் போட்டாச்சு" என்று விற்பவர் சொன்னால், எத்தனை வருடம் முன்பு, சுற்றியுள்ள காங்கிரீட்டை எவ்வளவு தூரம் கொத்தினார்கள், தண்ணீர் வந்த வழியை அடைத்தார்களா என்று கேளுங்கள்.

சுவர் விரிசல்களைப் பற்றிச் சுருக்கமாக: பிரிட்டனில் பின்பற்றும் அளவுகோலில் 1 மி.மீ.வரை உள்ளவை மிகச் சிறியவை, 5 மி.மீ. தாண்டினால்தான் கவலைக்குரிய வகைக்கு வருகின்றன. அகலத்தைவிட, அது வளர்கிறதா என்பதே பெரிய கேள்வி. இரண்டு முனைகளிலும் பென்சிலால் தேதி குறித்து வைத்துப் பல மாதம் கவனியுங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, ஒரு முனையில் அகலமாகவும் மறு முனையில் குறுகலாகவும் இருந்தால் அடித்தளம் ஒரு பக்கம் இறங்குகிறதோ என்று சந்தேகிக்கலாம். களிமண் நிலத்தில் இதிலும் தண்ணீருக்குப் பங்கு உண்டு. நனைந்தால் களிமண் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீட்டின் ஒரு மூலையில் மட்டும் குழாய் கசிந்தாலோ, பெரிய மரம் நீரை உறிஞ்சினாலோ அந்த மூலை மட்டும் அசையும்.

வீடு வாங்குகிறவர் முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் போக வேண்டும். வெயில் காலத்தில் எல்லாச் சுவரும் நல்ல சுவராகத்தான் தெரியும். வீடு முழுக்கப் பழைய பெயின்ட் இருக்க, ஒரே ஒரு மூலையில் மட்டும் புதுசாக இருந்தால் அங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். மறைந்த குழாய்க் கசிவுக்கு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மீட்டரின் எண்ணையோ தொட்டியின் நீர்மட்டத்தையோ குறித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் போதும். யாரும் திறக்காமலே அளவு மாறியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது.

ஈரமும் மின்சாரமும் சந்திக்கும் இடத்தைக் கடைசிக்கு ஒத்திவைக்காதீர்கள். ஈரச் சுவருக்குள் பழுதான வயர் இருந்தால் சுவரே மின்சாரத்தைக் கடத்தும். மின்னோட்டம் மிகும்போது இணைப்பைத் துண்டிக்கும் சாதாரண எம்சிபி இதில் உதவாது. அது பல ஆம்பியர் கூடுதலாகப் பாய்ந்தால்தான் விழும், மனித இதயத்தைத் தடுமாற வைக்கவோ ஆம்பியரில் நூறில் சில பங்கே போதும். உயிரைக் காக்கும் கருவி ஆர்சிசிபி. அது போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் ஒரு காந்த வளையத்தின் வழியாக ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வீடுகளுக்குரிய கருவியில் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே, அதாவது அவ்வளவு மின்சாரம் வேறு வழியாகத் தரைக்குப் போனாலே, ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அதன் முகப்பில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். அழுத்தினால் ஒரு மின்தடை வழியாக வேண்டுமென்றே அந்த வித்தியாசத்தை உண்டாக்கும். வீடு பார்க்கப் போகும் அன்று உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு அதை அழுத்திப் பாருங்கள், குடியேறிய பிறகும் சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்துங்கள். மின்சாரம் இருக்கும்போது அழுத்தியும் விழவில்லை என்றால், எலக்ட்ரீஷியன் வந்து மாற்றும்வரை ஈரம் கண்ட சுவரில் உள்ள ஸ்விட்சுகளை யாரும் தொட வேண்டாம்.