குவாண்டைஸ்: தமிழில் தாளச் சீரமைப்பு

ஒலிப்பதிவுக் கூடங்களில் அன்றாடம் புழங்கும் ‘குவாண்டைஸ்’ என்னும் சொல், வாசித்துப் பதிவான ஒவ்வோர் அடியையும் கணினித் திரையின் காலக் கட்டங்களில் மிக அருகிலுள்ள கோட்டுக்கு நகர்த்துவதைக் குறிக்கும். இதற்கு ஏற்ற தமிழ்ச் சொல் எது என்பதே இங்குள்ள கேள்வி.

‘எவ்வளவு’ எனப் பொருள்படும் ‘குவாண்டஸ்’ என்னும் இலத்தீன் சொல்லே இதன் வேர். கதிர்வீச்சின் ஆற்றலை மாக்ஸ் பிளாங்க் 1900இல் சிறுசிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிட்ட பிறகு, ‘குவாண்டம்’ இயற்பியலில் நிலைபெற்றது. இலங்கைப் பாடநூல்கள் அதைச் ‘சக்திச்சொட்டு’ என்றன. இடைவிடாமல் ஓடும் ஒன்றை எண்ணத்தக்க படிகளாக்கும் அக்கருத்துதான் பின்னர் இசைக்கும் வந்தது. ரோஜர் லின் வடிவமைத்து 1980இல் வெளிவந்த எல்எம்-1 தாளக் கருவியில் இவ்வசதி ‘டைமிங் கரெக்ட்’, அதாவது ‘காலத் திருத்தம்’, என்ற பெயரில் இருந்தது.

‘திருத்தம்’ எளிய சொல்தான். ஆயினும் கோட்டிலிருந்து விலகிய அடியெல்லாம் பிழை என்று அது முன்கூட்டியே தீர்ப்பளித்துவிடுகிறது. உண்மை அப்படியன்று. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற காலப்பிரமாணத்தில் ஒரு தட்டுக்கு 500 மில்லிநொடி. அதில் டிரம்ஸ் தொகுதியிலுள்ள ஸ்னேர் என்னும் முரசின் அடி ஒவ்வொரு முறையும் 15 மில்லிநொடி பிந்தி விழுமானால், அந்த நிதானமே பாட்டின் நடையாக இருக்கலாம். ஒரே ஓர் அடி மட்டும் 40 மில்லிநொடி முந்தி விழுந்தால் அதைத்தான் தாளம் பிசகியது என்போம். இவ்விரண்டையும் காதால் பிரித்தறிந்த பிறகே கை வைக்க வேண்டும். பிந்திய அடிகளைச் சற்று இறுக்க வேண்டுமென்றால், மென்பொருளில் வலிமையை, அதாவது கோட்டை நோக்கி எவ்வளவு நகர்த்துவது என்னும் அளவை, 60 விழுக்காடாக வைத்தால் 15இல் 9 மில்லிநொடி குறைந்து 6 எஞ்சும். வாசித்தவரின் கை அதில் இன்னும் கேட்கும்.

எண்களைக் கிட்டிய பத்துக்கோ நூறுக்கோ கொண்டுவருவதை இலங்கைக் கணித நூல்கள் ‘மட்டந்தட்டல்’ என்கின்றன. செயலளவில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. ஆனால் தமிழ்நாட்டில் அது இழிவுபடுத்துவதைக் குறிப்பதால் பொதுச்சொல்லாக நிற்காது. ஆகவே ‘தாளச் சீரமைப்பு’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். ‘சீர்’ என்பது ஒழுங்கையும் செய்யுளின் உறுப்பையும் ஒருசேரக் குறிப்பதோடு, ‘முழுச் சீரமைப்பு’, ‘பகுதிச் சீரமைப்பு’ என அளவைச் சொல்லவும் இடந்தருகிறது.

டிரம்ஸில் இச்சொல்லைத் தனி ஒலித்தடத்துக்கு என்று கொள்ளாமல், தொகுதி முழுமைக்கும் என்று கொள்ள வேண்டும். ஸ்னேரின் ஒலி அதன் அருகிலுள்ள மைக்கில் மட்டுமன்றி, ஒரு மீட்டர் உயரத்திலுள்ள மைக்கையும் ஏறத்தாழ 3 மில்லிநொடியில் எட்டி, அதன் தடத்திலும் பதிவாகிவிடுகிறது. அருகு மைக்கின் தடத்தை மட்டும் நகர்த்தினால் ஓர் அடி இரண்டாகக் கேட்கும், அல்லது உள்ளீடற்றுப் போகும். எல்லாத் தடங்களையும் ஒரே இடத்தில், அடி விழுவதற்குச் சற்று முன்பாக வெட்டி, ஒருசேர நகர்த்தி, ஒட்டுமிடத்தில் ஒன்று தேய மற்றொன்று வளருமாறு இணைப்பதே முறையான தாளச் சீரமைப்பு.