இரண்டு ஏஎஸ்களுக்கு நடுவே விபிஎன்: எந்தக் கதவைத் திறக்கிறோம்?

ஒரு வங்கிக்குப் பல ஊர்களில் கிளைகள். பாதிக் கிளைகளுக்கு ஒரு சேவை நிறுவனம் எம்பிஎல்எஸ் (பாக்கெட்டில் லேபிள் என்ற சிறு எண்ணை ஒட்டி வழி காட்டும் முறை) இணைப்பு தருகிறது. மீதி இன்னொரு நிறுவனத்தின் கையில். இரண்டும் தனித்தனி ஏஎஸ், அதாவது தனி நிர்வாகத்தில் இயங்கும் நெட்வொர்க்; ஒவ்வொன்றுக்கும் தனி எண். வங்கிக்கு மட்டும் எல்லாம் ஒரே விபிஎன்னாக, அதாவது மற்றவர்களிடமிருந்து பிரிந்த ஒரே தனி நெட்வொர்க்காக, வேலை செய்ய வேண்டும். இதற்கு ஆர்எஃப்சி 4364 (2006) என்ற இணையத் தர ஆவணம் மூன்று வழிகளைச் சொல்கிறது. நாம் ஆப்ஷன் ஏ, பி, சி என்கிறோம். நடைமுறையில் பலரும் எதில் கான்ஃபிக் குறைவோ அதை எடுக்கிறார்கள். எதிர்ப்பக்கத்து நிறுவனத்தை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

ஆப்ஷன் ஏ-யில் எல்லை ரவுட்டர்களில், அதாவது ஏஎஸ்பிஆர்களில், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி விஆர்எஃப் (அவருக்கு மட்டுமான ரவுட்டிங் அட்டவணை), தனி சப்-இன்டர்ஃபேஸ் (ஒரே இணைப்பில் பிரித்த கிளை). நடுவே போவது லேபிள் இல்லாத சாதாரண ஐபி பாக்கெட். 200 வாடிக்கையாளர் என்றால் 200 சப்-இன்டர்ஃபேஸ்; வேலை அதிகம்தான். ஆனால் வாடிக்கையாளர்கள் குறைவு, எதிரில் இருப்பது போட்டி நிறுவனம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆப்ஷன் பி-யில்தான் கவனம் அதிகம் தேவை. ஏஎஸ்களுக்கு நடுவே ரவுட்களை, அதாவது வழிகளை, பரிமாறும் ஒரே ஈபிஜிபி செஷனில் எல்லா வாடிக்கையாளர்களின் விபிஎன்வி4 ரவுட்களும் (முகவரிகள் மோதாதபடி அடையாள எண் சேர்த்த விபிஎன் வழிகள்) லேபிளோடு போகின்றன. ஏஎஸ்பிஆரில் விஆர்எஃப் இல்லாததால் சிஸ்கோ ரவுட்டரின் ஐஓஎஸ் மென்பொருள், வந்த ரவுட்களைத் தூக்கிப் போட்டுவிடும். உடனே 'நோ பிஜிபி டிஃபால்ட் ரவுட்-டார்கெட் ஃபில்டர்' என்று, அதாவது வடிகட்டாமல் எல்லாவற்றையும் வைத்துக்கொள் என்று, கொடுக்கிறோம், ரவுட்கள் வந்துவிடுகின்றன. வேலை முடிந்தது என்று பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஒரு வரியால், ஒப்பந்தத்தில் இல்லாத ரவுட்களுக்கும் வழி திறந்துவிட்டது.

நம் நெட்வொர்க்கில் 64500:100 என்ற ரவுட் டார்கெட் (ஒரு ரவுட் எந்த விஆர்எஃப்-க்குள் போக வேண்டும் என்று காட்டும் அடையாளம்) ஒரு மருத்துவமனையின் விபிஎன்னுக்கு என்று வைத்துக்கொள்வோம். எதிர்ப்பக்கத்திலிருந்து தவறுதலாகவோ வேண்டுமென்றோ அதே எண்ணோடு ஒரு ரவுட் வந்தால், அது நேராக மருத்துவமனையின் விஆர்எஃப்-க்குள் போய் உட்காரும். எந்த அலாரமும் அடிக்காது. அதனால் உள்ளே வரும் பக்கம், வெளியே போகும் பக்கம் இரண்டிலும் ரூட்-மேப் (ரவுட்களை வடிகட்டும் விதிகள்) போட்டு, பேசி ஒப்புக்கொண்ட டார்கெட்களை மட்டும் விடுங்கள். இரு நிறுவனங்களின் எண்களும் வேறாக இருந்தால் எல்லையிலேயே மாற்றி எழுதுங்கள். எத்தனை ரவுட் வரை ஏற்கலாம் என்ற மேக்சிமம்-பிரிஃபிக்ஸ் வரம்பும் வேண்டும்.

இதெல்லாம் ரவுட்களுக்கான காவல்தான். லேபிள் ஒட்டிய பாக்கெட்டை ரூட்-மேப் தடுக்காது. நாம் அறிவிக்காத லேபிளோடு பக்கத்து ஏஎஸ்ஸிலிருந்து பாக்கெட் வந்தால் நம் ஏஎஸ்பிஆர் அதை வீசி எறிகிறதா என்று சோதனைக்கூடத்தில் சோதித்துப் பாருங்கள். விபிஎன்வி4 ரவுட்களை நம்பகமான தனிப்பட்ட இணைப்பில் மட்டுமே ஏற்க வேண்டும் என்று அந்த ஆர்எஃப்சி சொல்வதும் இதற்காகத்தான்.

சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்ஆர் மென்பொருளில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு. ஈபிஜிபி அண்டை ரவுட்டருக்கு ரூட்-பாலிசி (எக்ஸ்ஆரில் ரூட்-மேப்பின் இடத்தில் இருப்பது) இல்லையென்றால் ஒரு ரவுட்கூட வராது, போகாது. அடுத்த ஏஎஸ்பிஆரின் முகவரிக்கு /32 ஸ்டாட்டிக் ரூட் (அந்த ஒரு முகவரிக்கு மட்டும் கையால் எழுதும் வழி) இல்லையென்றால் செஷன் உயிரோடு இருக்கும், ரவுட் தெரியும், டிராஃபிக் மட்டும் போகாது.

ஆப்ஷன் சி-யில் ஏஎஸ்பிஆர் விபிஎன் ரவுட்களைத் தொடுவதே இல்லை. ஏஎஸ்ஸுக்குள் மற்ற ரவுட்டர்களுக்கு ரவுட்களைப் பகிரும் ரூட் ரிஃப்ளெக்டர்கள் தங்களுக்குள் நேராகப் பேசுகின்றன. வாடிக்கையாளரை இணைக்கும் பிஈ ரவுட்டர்களின் லூப்பேக் முகவரிகள் (ரவுட்டரின் நிலையான சொந்த முகவரிகள்) லேபிளோடு எதிர்ப்பக்கம் போகின்றன. அதாவது நம் பிஈ வரைக்கும் அவர்களுக்கு வழி கிடைக்கிறது. ஒரே நிறுவனத்துக்கு இரண்டு ஏஎஸ் இருந்தால் சரி, மற்றவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். இதில் லேபிள் மூன்று வரை ஏறும். ஒன்றுக்கு 4 பைட், மொத்தம் 12. நடுவில் ஒரு லிங்க்கின் எம்டியு (ஒரே பாக்கெட்டாகப் போகக்கூடிய அதிகபட்ச அளவு) 1500-லேயே நின்றால், "பிங் போகுது சார், ஃபைல்தான் போக மாட்டேங்குது" என்று புகார் வரும். வாடிக்கையாளர் பக்கத்து ரவுட்டரான சிஈ-யிலிருந்து 1500 பைட் பிங்கை டிஎஃப் பிட்டோடு (துண்டாக்காதே என்ற குறி) அனுப்பிப் பார்த்த பிறகே இணைப்பை ஒப்படையுங்கள்.

வாடிக்கையாளர்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது இன்னொன்று. விபிஎன் என்ற பெயரைப் பார்த்து, தரவு குறியாக்கமாகிப் போகிறது என்று நினைக்கிறார்கள். எம்பிஎல்எஸ் விபிஎன் பிரித்து வைக்கும், மறைக்காது. இரண்டு நிறுவனங்களின் கருவிகள் வழியாகப் போகும் வங்கித் தரவுக்கு சிஈ முதல் சிஈ வரை ஐபிசெக் என்ற குறியாக்கம் தேவை. இதை ஒப்பந்தம் போடும்போதே சொல்லிவிடுங்கள். ஐபிசெக் ஹெடருக்கும் இடம் விட்டு டிசிபி எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் அதிகபட்சம்) அளவை அப்போதே கணக்கிட்டுக்கொள்ளலாம்.