மருந்து பையில் வருகிறது, பழக்கம் வீட்டிலேயே தங்கிவிடுகிறது

நவம்பர் மாதக் கடைசி வாரத்தில், பள்ளி விடுமுறை தொடங்கியதும், எங்கள் மருந்து முகப்பில் வரிசை நீளத் தொடங்கும். "ரெண்டு மாசத்துக்குச் சேர்த்துக் குடுத்துரும்மா, கிறிஸ்துமஸுக்கு இங்க இருக்க மாட்டோம்" என்று கேட்கும் பெரியவர்களை அந்த நாள்களில் தினமும் சந்திக்கிறேன். சிங்கப்பூரில் மருந்தாளராக 17 ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். அவர்கள் சொல்லும் ஊர்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. சிலர் வேளாங்கண்ணியில் நள்ளிரவுத் திருப்பலி காணச் செல்கிறார்கள். சிலர் பாளையங்கோட்டையில் உள்ள சொந்தக்காரர்களோடு பண்டிகையைக் கொண்டாடச் செல்கிறார்கள். கிறிஸ்தவர்கள் அல்லாத குடும்பங்களும் பொது விடுமுறையோடு சில நாள் விடுப்பைச் சேர்த்துக்கொண்டு ஆஸ்திரேலியாவின் பெர்த், ஜப்பானின் ஹொக்கைடோ, மலேசியாவின் கேமரன் மலை என்று கிளம்புகின்றன. மருந்தை எடுத்துக் கொடுக்கும்போது நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்டில் இதையெல்லாம் யார் எடுத்துத் தருகிறார்?" பெரும்பாலும் வரும் பதில், "வேலைக்கு இருக்கிற பொண்ணு" என்பதுதான். அந்தப் பெண்ணும் பயணத்துக்கு வருகிறாரா என்று கேட்டால், அவர் அந்த இரண்டு வாரத்தில் தம் ஊருக்குப் போகிறார் என்கிறார்கள்.

எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். வீட்டில் ஒரு முதியவர் நாளுக்கு எட்டு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அது அவருடைய நினைவாற்றலால் மட்டும் நடப்பதில்லை. காப்பித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் மருந்துப்பெட்டி இருப்பதாலும், காலை ஏழு மணிக்கு வானொலி கேட்பதாலும், இரவுச் சாப்பாட்டுத் தட்டுக்கு அருகில் ஒருவர் சிறு கிண்ணத்தில் மாத்திரைகளை எடுத்து வைப்பதாலும் நடக்கிறது. ஊருக்குக் கிளம்பும்போது மாத்திரைகள் பையில் ஏறிவிடுகின்றன. டப்பாவும் வானொலியும் கிண்ணமும் வீட்டிலேயே நின்றுவிடுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் குடும்பத்தை யாரும் அடையாளம் காணாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதயம் பலவீனமான, எழுபதைக் கடந்த ஒரு தாத்தா, மகன் குடும்பத்தோடு டிசம்பர் 23ஆம் தேதி அதிகாலையில் பேருந்தில் கேமரன் மலைக்குக் கிளம்பினார். அவர் காலையில் சாப்பிட வேண்டிய மருந்துகளில் உடலில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃபுரோசமைடு என்ற நீர் மாத்திரையும் ஒன்று. அதைச் சாப்பிட்டால் ஒரு மணிநேரத்துக்குள் சிறுநீர் வரத் தொடங்கும், ஏறக்குறைய ஆறு மணிநேரம் வரை அடிக்கடி கழிப்பறை தேட வேண்டியிருக்கும். ஆண்டிறுதியில் மலேசியாவுக்குக் கடக்கும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். அவர் யாரிடமும் சொல்லாமல் அன்று அந்த மாத்திரையை விட்டுவிட்டார். அடுத்த நாள் தேயிலைத் தோட்டம் பார்க்கப் போனார்கள், அன்றும் விட்டார். மூன்றாம் நாள் ஸ்ட்ராபெரித் தோட்டம். கிறிஸ்துமஸ் இரவில் அவரால் படுக்க முடியவில்லை. தலையணையை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். செருப்பு வார் காலில் பதிந்த தடம் மறையாமல் இருந்ததைப் பேத்திதான் முதலில் பார்த்திருக்கிறாள். மலையிலிருந்து ஈப்போ மருத்துவமனைக்கு அவர்கள் இரவோடு இரவாக இறங்க வேண்டியதாயிற்று.

அவர் உயிர் பிழைத்தார் என்பதில் எனக்கு நிறைவுதான். ஆனாலும், கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியை மருத்துவரிடமோ எங்களிடமோ கேட்டிருந்தால், அந்த மூன்று நாள்களும் வேறு விதமாகப் போயிருக்கும் என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை. நீர் மாத்திரையை எந்த நேரத்தில் சாப்பிடுவது என்பதைப் பலருக்கும் பயண நாளுக்கு ஏற்றபடி மாற்றித் தர முடியும். காலையில் சாப்பிடுவதை விடுதி சேர்ந்த பிறகு பிற்பகலில் சாப்பிடச் சொல்ல முடியும். தானாக நிறுத்துவதுதான் ஆபத்து. வீட்டுப் பெரியவர்கள் இதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவார்கள், மருமகள் முன்னிலையில் "வழியில் கழிப்பறை இருக்குமா" என்று கேட்க மாட்டார்கள். ஆகவே பிள்ளைகள்தான் கேட்க வேண்டும், அதுவும் தனியாக அழைத்துக் கேட்க வேண்டும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சிக்கல் குளிரிலும் வெயிலிலும் வருகிறது. ஹொக்கைடோவில் டிசம்பரில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருக்கும். இன்சுலின் பேனாவை மேலங்கியின் வெளிப்பையில் வைத்துக்கொண்டு பனியில் நடந்தால் அது உறைந்துவிடக்கூடும். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பின் பார்வைக்கு முன்போலவே தெளிவாகத் தெரியலாம், ஆனால் அதை நம்பிப் போட்டுக்கொள்ளக் கூடாது, எறிந்துவிட வேண்டும். உடலோடு ஒட்டிய உள்பையில் வைப்பதே பாதுகாப்பானது. சர்க்கரை அளக்கும் கருவியும் கடுங்குளிரில் பிழை காட்டும் அல்லது வேலை செய்யாது, ஆகவே அதையும் உள்ளேயே வைத்திருந்து அறைக்குள் வந்ததும் அளக்கலாம். விடுதி அறையின் சிறு குளிர்பெட்டியில் பின்சுவரை ஒட்டி வைக்கப்பட்ட பேனா உறைந்துபோன கதையை இரண்டு குடும்பங்களிடம் கேட்டிருக்கிறேன். பயன்படுத்தத் தொடங்கிவிட்ட பேனாக்களில் பெரும்பாலானவற்றுக்குக் குளிர்பெட்டியே தேவையில்லை. 30 டிகிரிக்குக் குறைவான இடத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும், உங்கள் பேனாவுக்குரிய கணக்கை உறையிலேயே பார்த்துக்கொள்ளலாம். பெர்த் செல்பவர்களுக்கு இதற்கு நேர்மாறான கவலை. அங்கே அப்போது கோடைக்காலம். வெயிலில் நிறுத்திய காருக்குள் மருந்துப்பையை விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போய்வந்தால், பேனாவுக்குள் இருப்பது பலனற்றதாகிவிட வாய்ப்புண்டு. நேர வேறுபாட்டைப் பற்றி இங்கிருந்து போகிறவர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள். பெர்த்துக்கு வேறுபாடே இல்லை, ஜப்பானுக்கு ஒரு மணிநேரம், இந்தியாவுக்கு இரண்டரை மணிநேரம். இவற்றால் பெரிய குழப்பம் வராது. லண்டன்போல எட்டு மணிநேரம் தள்ளியிருக்கும் ஊர் என்றால் மட்டும் இன்சுலின் அட்டவணையை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்துகள் அனைத்தும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். என் தாயாரோடு திருச்சிக்குச் சென்ற ஒரு டிசம்பரில், இடம் போதவில்லை என்று அவருடைய இரத்த அழுத்த மாத்திரைகளைப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பெட்டி இரண்டு நாள் கழித்து வந்தது. அந்த இரண்டு நாளில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான பாடம் மருந்தின் பெயர் பற்றியது. இங்கே நாம் பழகிய வணிகப் பெயரை அங்குள்ள கடையில் சொன்னால் அவர்களுக்குத் தெரியாது. மூலப்பெயரை, அதாவது அதிலுள்ள மருந்துப்பொருளின் பெயரைச் சொன்னால்தான் அதே மருந்தை வேறு பெயரில் எடுத்துத் தருவார்கள். இதோடு தொடர்புள்ள இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். பயணத்துக்காக மாத்திரை அட்டைகளைக் கத்தரிக்கோலால் நறுக்கிச் சிறு பிளாஸ்டிக் பையில் போடுகிறார்கள். அட்டையில் பெயர் ஓரிடத்தில், வீரியம் இன்னோரிடத்தில் அச்சாகியிருக்கும். நறுக்கிய பின் கையில் இருப்பது பெயரில்லாத நான்கு வெள்ளை மாத்திரைகள்தான். மயங்கி விழுந்த ஒருவரின் பையிலிருந்து அதை எடுத்துப் பார்க்கும் வெளியூர் மருத்துவர் எதைக் கொண்டு முடிவெடுப்பார்? மருந்தின் பெயர் அச்சிட்ட எங்கள் சீட்டு ஒட்டிய உறையோடு கொண்டு செல்லுங்கள். சிங்கப்பூர் அரசின் ஹெல்த்ஹப் சுகாதாரச் செயலியில் தெரியும் மருந்துப் பட்டியலைப் படமெடுத்து, குடும்பத்தில் குறைந்தது இரண்டு பேர் கைப்பேசியில் வைத்திருங்கள், ஒருவர் கைப்பேசியைத் தொலைத்தாலும் மற்றவரிடம் இருக்கும்.

"ரெண்டு மாசத்துக்கு" என்று கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜப்பானுக்கு மருத்துவர் எழுதித் தந்த மருந்துகளை ஒரு மாத அளவுக்கு மேல் கொண்டு செல்ல வேண்டுமென்றால், அந்நாட்டு அதிகாரிகளிடம் முன்கூட்டியே சான்றிதழ் பெற வேண்டும். நாம் சளிக்குச் சாதாரணமாக வாங்கும் சில மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கிறது. அது பத்து விழுக்காட்டுக்கு மேல் உள்ள மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுபோகவே கூடாது. கவனக்குறைபாட்டுக்காகப் பிள்ளைகள் சாப்பிடும் மருந்துகளில் ஆம்ஃபெட்டமின் வகை அங்கே முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் போன்ற வலிநிவாரணி ஆகியவற்றுக்கு ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிலும் முன்னனுமதி வேண்டும். ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது மருந்துகளையும், பாட்டி கட்டித் தந்த சுக்குப்பொடி, ஓமம் ஆகியவற்றையும் பயணி அட்டையில் மறைக்காமல் குறிப்பிட வேண்டும். குறிப்பிட்டுவிட்டுப் பறிபோனால் பொடிதான் போகும், குறிப்பிடாமல் பிடிபட்டால் அபராதம் கட்ட வேண்டிவரும்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: கதவுகள் மூடியிருக்கும். ஆஸ்திரேலியாவில் 25ஆம் தேதியோடு 26ஆம் தேதியும் பொது விடுமுறை என்பதால் பல குடும்ப மருத்துவர்களும் மருந்துக்கடைகளும் அடைத்திருப்பார்கள். ஜப்பானில் 25ஆம் தேதி சாதாரண வேலைநாள். ஆனால் 29ஆம் தேதி முதல் ஜனவரி 3ஆம் தேதி வரை புத்தாண்டுக்காகப் பல மருந்தகங்கள் மூடப்படும். ஆகவே "தீர்ந்தால் அங்கே வாங்கிக்கொள்ளலாம்" என்ற கணக்கு இந்த இரண்டு வாரத்துக்கு ஒத்துவராது. விமானம் தாமதமானாலும் தாங்கும்படி ஏழு நாளுக்குரிய மாத்திரைகளைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டுக்குச் செல்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியவை உண்டு. டிசம்பர் அங்கே வடகிழக்குப் பருவமழையின் இறுதிக்கட்டம், கொசுக்கள் நிறைந்த காலம். காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும் கொடுங்கள். டெங்கி இல்லை என்று உறுதியாகும் வரை ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரண்டையும் காய்ச்சலுக்காகத் தொட வேண்டாம், அவை இரத்தக் கசிவை அதிகப்படுத்தும். இதயத்துக்காக மருத்துவர் எழுதிய ஆஸ்பிரினைச் சாப்பிடுகிறவர்கள் காய்ச்சல் வந்தவுடன் மருத்துவரைக் கேட்க வேண்டும். வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலை உடனே தொடங்குங்கள். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் சில மருந்துகளை, மெட்ஃபார்மினும் நீர் மாத்திரையும் உட்பட, உடலில் நீர் வற்றியிருக்கும் அந்த நாள்களில் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். எதை, எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதைப் பயணத்துக்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். டைஃபாய்டு, சளிக்காய்ச்சல் தடுப்பூசிகள் பலன்தர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும், ஆகவே கிளம்புவதற்கு முந்திய நாள் வந்து கேட்டால் எங்களால் உதவ முடிவதில்லை.

நாய்க்கடியைப் பற்றிப் பெற்றோர் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநோய் இல்லை. அதனால் இங்கு வளரும் குழந்தைகள் எந்த நாயைக் கண்டாலும் குனிந்து தடவப் போகிறார்கள். இந்தியாவிலும் பாலியிலும் நிலைமை வேறு. நாயோ குரங்கோ கடித்தாலும் பிறாண்டினாலும், காயம் சிறியதாகவே இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சிங்கப்பூர் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. நோயின் அறிகுறி தென்பட்ட பிறகு காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. குழந்தைகள் திட்டுக்குப் பயந்து பிறாண்டலை மறைப்பார்கள். "நாய் தொட்டால் அம்மாவிடம் சொல், திட்ட மாட்டேன்" என்று விமானம் ஏறும் முன்பே சொல்லிவையுங்கள்.

ஊர் திரும்பியதும், ஜனவரி முதல் வாரத்தில், பெரியவர்களின் மாத்திரைப் பெட்டியில் மீதமிருப்பதை எண்ணிப் பாருங்கள். இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தால், எந்த மாத்திரை எத்தனை நாள் விடுபட்டது என்பது தெரிந்துவிடும், கடிந்துகொள்ளாமல் காரணம் கேளுங்கள். அங்கே கடையில் வாங்கிய மருந்துகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு எங்கள் முகப்புக்கு வாருங்கள். போன ஜனவரியில் ஓர் அம்மா கொண்டுவந்த பையில், ஒரே இரத்த அழுத்த மருந்து இரண்டு நாட்டுப் பெயர்களில் இரண்டு உறைகளில் இருந்தது. பன்னிரண்டு நாளாக இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டு வந்திருக்கிறார், எழுந்து நின்றால் தலைசுற்றுகிறது என்று சொல்லத்தான் அன்று வந்தார்.