தொட்டால் கையோடு வரும் ஆர்க்கிட்

கண்ணாடிக் குடுவைக்குள் செடிகளைப் பெருக்கும் திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை செய்வதால், மழைக்காலம் முடிந்ததும் என் மேசைக்கு ஒரே வகை நோயாளிகள் வரத் தொடங்குவார்கள்: தொட்டியில் அழுகிக்கொண்டிருக்கும் காட்டு ஆர்க்கிட்டுகள். "மலையேறப் போனோம், சும்மா தொட்டேன், கையோடு வந்துவிட்டது" என்பார்கள். பொய்யில்லை. அனெக்டோகைலஸ் எலேட்டஸ் அப்படித்தான் வரும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளில் தரையில் வளரும் இனம் இது. மண்ணில் ஆழமாக வேர்விடுவதில்லை. மக்கிய சருகுக்குள் சதைப்பற்றான தண்டு ஊர்ந்து போகும். கணுக்களில் குட்டையான வேர்கள், அவ்வளவுதான் பிடிப்பு. பூவைவிட இலைதான் ஆளை நிறுத்தும். கருமை கலந்த வெல்வெட்டில் செம்புக் கம்பி இழைத்தாற்போல் நரம்புகள்.

மேற்தோலின் செல்கள் சின்னக் கூம்புகளாகப் புடைத்திருப்பதால் வரும் மினுமினுப்பு அது. மங்கிய ஒளியை உள்ளே வாங்க உதவுகிறது. அடர்ந்த காட்டின் தரைக்கு வெட்டவெளி வெளிச்சத்தில் நூற்றில் ஓரிரு பங்குதான் இறங்கும். அதற்குப் பழகிய இலையை ஜன்னலோர வெயிலில் வைத்தால் கருகிவிடும். பிறகு பதறிப்போய் நிழலுக்கு மாற்றி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இந்தச் செடிக்கு ஈரம் காற்றில் இருக்க வேண்டும், வேரில் தேங்கக் கூடாது.

செடி போனால் விதை இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். ஆர்க்கிட் விதை வெறும் தூசு. முளைக்கப் போதுமான சேமிப்பு உணவு அதில் இல்லை. சருகு மக்கிலுள்ள பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் உயிர் பிடிக்கும். 1899இல் பிரான்சின் நோயல் பெர்னார் கண்ட உண்மை இது. செடியைப் பிடுங்கும்போது அந்த மக்கையும் கலைத்துவிட்டுத்தான் வருகிறோம்.

1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நுட்சன் பூஞ்சை இல்லாமலே, சர்க்கரை சேர்த்த ஊட்டக் கூழில் விதையை முளைக்கவைத்தார். எங்கள் குடுவைகளின் பூர்வீகம் அங்கே இருக்கிறது. தைவானில் மருந்துக்காகக் காட்டிலிருந்து அள்ளப்பட்ட, இந்த ஆர்க்கிட்டின் உறவினம் இன்று குடுவைகளில்தான் பெருக்கப்படுகிறது. ஆசை இருந்தால் குடுவைச் செடியைக் கேட்டு வாங்குங்கள். ஒரே அளவில், மாசு மருவில்லாத இலைகளோடு இருக்கும். இலையில் பூச்சி கடித்த தழும்பும் வேரில் ஒட்டிய சருகும் இருந்தால், அது காட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். காப்புக்காட்டில் அனுமதியின்றிச் செடி எடுப்பது குற்றம் என்பதே, நான் சொல்லித்தான் பலருக்குத் தெரிகிறது.

அதைக் கேட்டதும், "எடுத்த இடத்திலேயே நட்டுவிடட்டுமா?" என்பார்கள். வேண்டாம். தொட்டியில் பிடித்த அழுகல் நோயும் கூடவே காட்டுக்குப் போய்விடும்.